நாலு செகண்டு

உங்க சம்சாரம்தானே தம்பி? குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு சொன்னாங்களே, நல்லது. நான் கேக்கணும்னு கேக்கலை. பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தா காதுல விழத்தான் செய்யும். அவங்கதான் வெளிநாட்டுல இருக்காங்களா? நர்ஸா? சரி சரி. போன்ல முகம் எவ்வளவு தெளிவாத் தெரியுது. நீங்க சிரிச்சதும் அவங்க சிரிக்கிறாங்க. ரெண்டு சிரிப்புக்கும் நடுவுல இடைவெளியே இல்லை. அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

நான் பேசின காலத்துல நாலு செகண்டு இடைவெளி. ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க, எவ்வளவு நீளம்னு தெரியும். அந்த நாலு செகண்டுலதான் என் பொண்ணு வாழ்க்கை போச்சு. யாராவது கேட்டா அப்படித்தான் சொல்றது. அதுதான் உண்மையும்கூட.

நான் திருப்பூர் வரைக்கும். பொண்ணு அங்கதான் இருக்கு. நான் வர்றது அதுக்குத் தெரியாது. நீங்க எங்க? காங்கேயமா? அப்ப நேரம் இருக்கு.

என் பேரு ஞானசுந்தரம். அறந்தாங்கி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருபத்திரண்டு வருஷம். டிரங்க் காலெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஊர் விட்டு ஊர் பேசணும்னா எங்ககிட்ட நம்பரைச் சொல்லிட்டுக் காத்துக்கிட்டு இருக்கணும். நாங்கதான் போர்டுல வயரைச் செருகி இணைச்சு விடுவோம். இணைச்சதும் கையைத் தட்டிட்டுப் போயிட முடியாது. நடுநடுவுல காதைக் கொடுத்து, ‘பேசிட்டு இருக்கீங்களா?’ன்னு கேக்கணும். லைன் இருக்கா அறுந்துடுச்சான்னு தெரியணும்ல. சாவு, பிரசவம், பொண்ணு பாத்தது, பொண்ணு பிடிக்கலைன்னது எல்லாம் என் காது வழியாத்தான் போயிருக்கு. ஒண்ணையும் வெளிய சொன்னதில்லை. ஊர்ல யார் வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு யாருக்கும் தெரியாது. அப்படி இருந்தவன் நான்.

அப்புறம் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்துச்சு. போர்டைத் தூக்கிட்டாங்க. என்னைக் கவுண்டர்ல உக்கார வச்சாங்க. ஒரு நாள் முழுக்க ஒரு குரல்கூடக் காதுல விழாது தம்பி. விண்ணப்பம் கொடு, ரசீது வாங்கு, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சேன். பிறகு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துட்டு, வீட்டு முன் அறையில மூணு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆரம்பிச்சேன். ரெண்டாயிரத்துல. ஊர்ல அதுதான் முதல்.

மறுவருஷம் ஆவணியில பொண்ணுக்குக் கல்யாணம். பூங்கோதைன்னு பேரு. ஒரே பொண்ணு. அதிகம் பேசாது. சின்ன வயசுலேர்ந்தே அதுக்கு என்ன வேணும்னு நான்தான் எடுத்துச் சொல்லுவேன். ஜவுளிக்கடையில, ‘எந்தக் கலர் பாப்பா வேணும்?’னு கேட்டா என்னைத்தான் பாக்கும். நான் பச்சைன்னா பச்சை. அவ்வளவு நல்ல பொண்ணு.

மாப்பிள்ளை கலியமூர்த்தி, பேராவூரணிப் பக்கம். குவைத்ல ஏசி மெக்கானிக். தங்கமான புள்ளை. கல்யாணம் முடிஞ்சு முப்பத்தெட்டு நாள் இருந்தாரு. லீவு முடிஞ்சு போச்சு, கிளம்பிட்டாரு. போகும்போது பூங்கோதை கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொன்னாரு. கார் இன்ஜின் சத்தத்துல எனக்குக் கேக்கலை.

வெளிநாட்டுக்குப் போன் போடுறதுன்னா அப்பல்லாம் நிமிஷத்தை எண்ணி எண்ணித்தான் பேசணும். என்கிட்டதான் இன்டர்நெட் இருக்கே. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒண்ணோட ஒரு சிடி கொடுத்தான். அதுல இருந்துச்சு அந்த சாஃப்ட்வேர். இன்டர்நெட் வழியாவே பேசுறது. பேரு இப்ப மறந்துபோச்சு. இந்தப் பக்கம் ஒரு ஹெட்போன், மைக்கு. அந்தப் பக்கம் மாப்பிள்ளை தங்கியிருக்கிற தெருவுல ஒரு மலையாளி சென்டர் வச்சிருந்தாரு, அங்க ஒரு ஹெட்போன். மாப்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை லீவு. நம்ம நேரம் சாயங்காலம் நாலு மணின்னு மெயில்ல பேசி முடிவு பண்ணினேன். நான்தான் பண்ணினேன்.

முதல் வெள்ளிக்கிழமை. மோடம் கத்தி, கரகரன்னு இழுத்து, ஒரு வழியா லைன் கிடைச்சுது. திரையில மாப்பிள்ளை பேரு சாம்பல் கலர்ல இருந்து பச்சையாச்சு. ‘பூங்கோதை...’ன்னு ஒரு குரல். கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி. பூங்கோதை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. அந்தச் சிரிப்பு நாலு செகண்டு கழிச்சு அங்க போய்ச் சேந்துது. அவரு பதிலுக்குச் சிரிச்சது இன்னொரு நாலு செகண்டு கழிச்சு இங்க வந்துது. அதுக்குள்ள இது சிரிச்சு முடிச்சிடுச்சு. மறுபடி முதல்லேர்ந்து சிரிக்கிது. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு தம்பி.

அந்தச் சாஃப்ட்வேர்ல ரெண்டு தொந்தரவு. ஒண்ணு, தாமதம். இன்னொண்ணு, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசலாம். ரெண்டு பேரும் சேந்து பேசினா ஒரு குரல் அறுந்துடும். அதனால நான் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தேன். பேசி முடிச்சதும் ‘ஓவர்’னு சொல்லணும், போலீஸ் வயர்லெஸ்ல சொல்ற மாதிரி. ‘சாப்டீங்களா, ஓவர்.’ ‘சாப்டேன், நீ சாப்டியா, ஓவர்.’ பூங்கோதைக்கு வெக்கம், ஓவர் சொல்ல மறந்துடும். அதுக்குத்தான் நான் பக்கத்துல இருக்க வேண்டியதாயிடுச்சு.

தஞ்சாவூர் போனப்ப ரெண்டா பிரியிற பின் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ஒரு கம்ப்யூட்டர்ல ரெண்டு ஹெட்போன் மாட்டலாம். ஒண்ணு அது காதுல, ஒண்ணு என் காதுல. லைன் எப்படி இருக்குன்னு கேட்டாத்தானே தெரியும்? நான் கையைத் தூக்கினா அது பேசணும், இறக்கினா நிறுத்தணும்.

என் சம்சாரம் லோகாம்பாள்தான் சத்தம் போட்டா. “ஏங்க, புருஷன் பொண்டாட்டி பேசிக்கிறாங்க. நடுவுல நீங்க எதுக்குங்க?”

“லோகா, உனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது. எதிரொலி வருது. யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“எதிரொலி வந்தா வந்துட்டுப் போவுது.”

வந்துட்டுப் போவுதாம். இருபத்திரண்டு வருஷம் அந்த வேலை பாத்தவன்கிட்ட சொல்றா.

ரெண்டாவது மாசமோ மூணாவது மாசமோ, ஒரு வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை குரலைத் தணிச்சுக்கிட்டு, “பூங்கோதை, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”ன்னு கேட்டாரு.

பூங்கோதை என்னைப் பாத்துச்சு. நான் ‘இல்லைன்னு சொல்லு’ன்னு கையைக் காட்டினேன். ஏன்னா, இருக்காங்கன்னு தெரிஞ்சா அவரு கூச்சப்படுவாரு. வாரத்துல ஒரு மணி நேரம் கிடைக்கிறதே பெருசு, அது வீணாப் போகும். அவருக்காகத்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

“இல்லைங்க.”

அதுக்குப் பிறகு அவரு மனசு விட்டுப் பேசினாரு. புருஷன் பொண்டாட்டி பேச்சு. நான் அந்த நேரமெல்லாம் ஹெட்போனைக் கொஞ்சம் காதுலேர்ந்து நகத்தி வச்சுக்குவேன். முழுக்கக் கழட்ட முடியாது, லைன் அறுந்தா தெரியாது. “என்னை நினைச்சுக்கிறியா?”ன்னு கேப்பாரு. இது என்னைப் பாக்கும். நான் சுவரைப் பாப்பேன். “ம்”னு சொல்லும். “அவ்வளவுதானா? ஏன் இவ்வளவு நேரம் யோசிச்சுச் சொல்ற?”ன்னு கேப்பாரு. அது யோசிக்கலை தம்பி, லைன் தாமதம். ஸ்டாப் வாட்ச் வச்சுப் பாத்திருக்கேன். ‘சாப்டியா’ன்னு கேட்டா நாலு செகண்டுல பதில் போகும். ‘நினைச்சுக்கிறியா’ன்னு கேட்டா பத்து, பன்னெண்டு ஆகும். ஒரே லைன், ஒரே சாஃப்ட்வேர். அது ஏன் அப்படி மாறுதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடலை.

சித்திரையில ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை குரலே சரியில்லை. மூணாவது மாடியில ஏசி மாட்டும்போது தவறி ரெண்டாவது மாடிச் சன்ஷேடு மேல விழுந்துட்டாராம். எலும்பு முறியலை, ஆனா முதுகுத்தண்டுல வலி. உக்காந்தா எந்திரிக்க முடியலையாம், ரூம்ல இருக்கிற ஆளுங்கதான் கையைக் கொடுத்துத் தூக்கி விடுறாங்களாம். கம்பெனி நாலு நாள் ரெஸ்ட் கொடுத்துட்டு மறுபடி ஏணியில ஏறச் சொல்லிட்டானாம்.

“உங்க அப்பாகிட்ட சொல்லாத. என்னால முடியலை பூங்கோதை. நான் வந்துடட்டுமா? நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா எப்படியாவது கிளம்பி வந்துடுறேன். ஓவர்.”

அந்த நிலைமையிலயும் மறக்காம ஓவர் சொன்னாரு பாருங்க.

பூங்கோதை வாயைத் திறந்துச்சு. எனக்குத் தெரியும் அது என்ன சொல்லியிருக்கும்னு. நான் கையை இறக்கி நிறுத்தினேன். யோசிச்சுப் பாருங்க தம்பி, போய் ஏழு மாசம்கூட ஆகலை. குவைத் மாப்பிள்ளைன்னு ஊர் பூராவும் சொல்லியிருக்கேன். முதுகு வலின்னு திரும்பி வந்தா, அவருக்குத்தானே கேவலம்? வலி இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிடும். பெரியவங்கதான் எடுத்துச் சொல்லணும். பக்கத்துல இருந்த காகிதத்துல எழுதிக் காட்டினேன். ‘ரெண்டு வருஷம் முடிச்சிட்டு வாங்க.’

அது காகிதத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பக்கம், “பூங்கோதை? லைன்ல இருக்கியா?”ன்னு குரல் வருது. நான் காகிதத்தை விரலால தட்டினேன்.

“ரெண்டு வருஷம் முடிச்சிட்டு வாங்க.”

நாலு செகண்டு போச்சு. எட்டும் போச்சு. அப்புறம், “சரி”ன்னாரு. அதுக்கு மட்டும் ஓவர் சொல்லலை.

எந்திரிச்சு உள்ள போனா என் சம்சாரம் வாசல்படியிலேயே நிக்கிறா. எவ்வளவு நேரமா நின்னாளோ. “நீங்க நல்லா இருப்பீங்களா?”ன்னா. கட்டின புருஷனைப் பாத்துக் கேக்கிற கேள்வியா அது? நான் என்ன கெட்டதுக்கா எழுதினேன்?

அதுக்கடுத்த மூணு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்தாரு. ஆனா பேச்சு மாறிடுச்சு. கேள்வி கேக்க ஆரம்பிச்சாரு. “அன்னைக்கு நீ சொன்னது நீயா சொன்னதா?”

“ஆமாங்க.”

“உன் குரல்தான். ஆனா நீ பேசுற மாதிரி இல்லை. முப்பத்தெட்டு நாள் கேட்டிருக்கேன் உன் குரலை. உண்மையைச் சொல்லு. நான் வர்றதுல உனக்கு இஷ்டம் இல்லையா?”

மூணாவது வெள்ளிக்கிழமை இதைக் கேட்டப்ப பூங்கோதைக்கு அழுகை வந்துடுச்சு. சத்தம் வராம, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தோள் மட்டும் குலுங்குது. இங்க ஒரு விஷயம் சொல்லணும். அந்தச் சாஃப்ட்வேர் சின்னச் சத்தத்தை அனுப்பாது. குரல் ஓரளவு உரக்க இருந்தாத்தான் எடுத்துக்கும், இல்லாட்டி அதைச் சும்மா இருக்கிறதா நினைச்சுக்கும். திரையில ஒரு பச்சைக் கோடு ஆடும், குரல் போகும்போது. அது அழுவுது, கோடு அசையவே இல்லை. கண்ணு முன்னாடி உக்காந்து அழுவுது, அந்தப் பக்கம் ஒண்ணுமே போகலை. வெறும் நிசப்தம்தான் போவுது.

“பேசு பூங்கோதை. ஏதாவது பேசு. திட்டவாவது செய்.”

அந்த நேரம் பாத்து எனக்குத் தும்மல் வந்துடுச்சு. என் தும்மலை எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். துண்டை எடுக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை தும்மிட்டேன். பச்சைக் கோடு உச்சிக்குப் போய் இறங்குச்சு.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அதுக்கு மேலயும் எண்ணினேன். மோடம் விளக்கு எரியுது, லைன் இருக்கு. அந்தப் பக்கம் யாரோ அரபியில சிரிச்சுப் பேசுறது தூரத்துல கேக்குது. அப்புறம் குரல் வந்துது. ரொம்ப மரியாதையா.

“மாமா... நல்லா இருக்கீங்களா மாமா?”

நான் பூங்கோதைகிட்டேர்ந்து மைக்கை வாங்கிக்கிட்டேன். “நல்லா இருக்கேன் மாப்பிள்ளை. சும்மா லைன் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்.”

“எல்லா வெள்ளிக்கிழமையும் இருந்தீங்களா மாமா?”

நான் என்ன சொல்லணும்? பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. “எதிரொலி வருது பாருங்க மாப்பிள்ளை, அதுக்காக...”ன்னு ஆரம்பிச்சேன். பேசிக்கிட்டே இருக்கேன், எதிரொலி ஏன் வருது, தாமதம் எங்க உண்டாகுதுன்னு விளக்கமா. பேசி முடிச்சு ஓவர் சொல்லிட்டுப் பாத்தா, அவரு பேரு சாம்பல் கலர் ஆகியிருக்கு. எந்த இடத்துல போனாருன்னு தெரியலை. பாதியிலயே போயிருக்கணும்.

அதோட சரி. அதுக்கப்புறம் அந்தப் பேரு பச்சையாகவே இல்லை.

பூங்கோதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்குத் தலை சீவி, பொட்டு வச்சு வந்து உக்காரும். அஞ்சு மணி வரைக்கும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். நான் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். மோடம் மாத்திப் பாத்தேன். சவுண்டு கார்டு மாத்திப் பாத்தேன். சாஃப்ட்வேரை அழிச்சுட்டுப் புதுசாப் போட்டேன். மாப்பிள்ளைக்கு நாலு பக்கத்துக்கு மெயில் எழுதினேன், தாமதத்துனால மனுஷங்க எப்படித் தப்பாப் புரிஞ்சுக்குவாங்கன்னு. அதுக்குப் பதில் இல்லை. கார்த்திகை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பூங்கோதை வரலை. உள்ள போய்ப் பாத்தேன், அரிசி புடைச்சுக்கிட்டு இருந்துச்சு. “மணி நாலாச்சும்மா”ன்னேன். நிமிந்தே பாக்கலை.

அவரு அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் ஊருக்கு வந்தாரு. ரெண்டு வருஷம்தானே சொன்னோம். மறுபடி மறுபடி கான்ட்ராக்ட்டைப் புதுப்பிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. வந்ததும் எங்களுக்குச் சொல்லலை, வேற ஆள் மூலமாத்தான் தெரிஞ்சுது. பூங்கோதை தானாவே, “நான் போய்ப் பாக்கணும்”னு சொல்லிச்சு. வாழ்க்கையில அது தானாக் கேட்டது அந்த ஒண்ணுதான். நாங்க மூணு பேரும் கார் எடுத்துக்கிட்டுப் போனோம். “நீங்க வண்டியிலயே இருங்க”ன்னுட்டு அம்மாவும் பொண்ணும் உள்ள போனாங்க. வண்டியில ஒரே வெக்கை. நான் இறங்கி வீட்டுப் பக்கவாட்டுல வேப்பமரத்தடியில நின்னேன். ஜன்னல் திறந்திருந்துச்சு. காதுல விழுந்துச்சு.

பூங்கோதைதான் பேசிச்சு. அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அன்னைக்கு வந்துடுங்கன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்னு சொல்லிச்சு. அழுதேன், அது உங்களுக்கு வரலைன்னு சொல்லிச்சு. மாப்பிள்ளை பொறுமையாக் கேட்டாரு. ஜன்னல் வழியாப் பாத்தேன், கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு. நாப்பது வயசுகூட இல்லை, நெஞ்சுலேர்ந்து இடுப்பு வரைக்கும் பெல்ட்டு போட்டிருந்தாரு.

“உன் மேல கோவம் இல்லை”ன்னாரு. “கோவப்படணும்னா உன்னைத் தெரிஞ்சிருக்கணும். நான் ஏழு மாசமும் உங்க அப்பாகிட்டதான் பேசியிருக்கேன். உன்கிட்ட பேசவே இல்லை. முப்பத்தெட்டு நாளு... அதுவும் இப்ப ஞாபகத்துல இல்லை. நீ போ. நல்லா இரு.”

இதைக் கேட்டு இன்னொரு முப்பத்தெட்டு நாள் நான் தூங்கலை. என்கிட்ட பேசினாராமே! நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா அந்த லைன்ல? கடைசி நாள் தவிர? நான் பாட்டுக்குச் சும்மா உக்காந்திருந்தேன். நீங்களே சொல்லுங்க.

பூங்கோதை அந்த வருஷமே திருப்பூருக்குப் போயிடுச்சு. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. மறு கல்யாணம் பேசினோம், கேக்கலை. அம்மாகிட்ட மட்டும் தினம் போன்ல பேசும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போன் வரும், லோகாம்பாள் எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயிடுவா. நான் தண்ணி குடிக்கிற மாதிரி அந்தப் பக்கம் போனா, “அப்புறம் பேசுறேன்டி”ன்னு வச்சிடுவா. பதினஞ்சு வருஷத்துக்கு மேல அப்படி. என்ன பேசிக்கிட்டாங்கன்னு ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. ஒரே வீட்டுக்குள்ள.

போன மாசம் லோகாம்பாள் போயிட்டா. மாரடைப்பு. காலையில கோலம் போட்டுட்டு வந்து உக்காந்தா, அவ்வளவுதான். நான்தான் பூங்கோதைக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் அதுக்குப் புரிஞ்சுடுச்சு. “அம்மாவா?”ன்னு கேட்டுச்சு. வேற எதுவும் கேக்கலை.

வந்து பதினாறு நாள் இருந்துச்சு. எல்லாம் செஞ்சுது. எனக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டுச்சு. நான் ஏதாவது கேட்டா ஒரு வார்த்தையில பதில். தலைமுடியெல்லாம் நரைச்சுக் கிடக்கு. கருமாதி முடிஞ்ச மறுநாள் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுச்சு. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனேன். பஸ்ல ஏறி ஜன்னல் ஓரமா உக்காந்துச்சு. நான் கீழ நின்னுக்கிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கேட்டேன். “அம்மாடி, இனிமே வீட்ல நான் மட்டும்தான். மத்தியானத்துல எனக்கு ஒரு போன் போடுறியாம்மா? அம்மாகிட்ட பேசுற மாதிரி?”

அது என்னையே பாத்துச்சு. கோவமெல்லாம் இல்லை முகத்துல. ரொம்பச் சாதாரணமாத்தான் சொல்லிச்சு.

“உங்ககிட்ட என்னப்பா பேசுறது? எல்லாத்தையும்தான் கேட்டுட்டீங்களே.”

பஸ்ஸை எடுத்துட்டான்.

நானும் அதை யோசிச்சுக்கிட்டே வீட்டுக்கு நடந்து வந்தேன் தம்பி. அது சொன்னது வாஸ்தவம்தான். அந்த ஏழு மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை விடலை. ஒரு வார்த்தை விடலை. எந்த அப்பன் அவ்வளவு கவனமாக் கேப்பான், சொல்லுங்க?